பதினாறு கதிர்கள்

"அஷ்டமி, புதன். ஷஷா 15. பேயாரா 20. ஆப்பிள் 30. கொலா 6 டஜன். நார்க்கேல் 5. ஆள் 140. வராதவங்க 5."

பழக்கடைத் தாள்பை ஒன்றைக் கிழித்து, அதன் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பு இது. எழுத்து தமிழ். வெள்ளரிக்கும் கொய்யாவுக்கும் வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் எழுதியிருக்கும் பெயர்கள் வங்காளம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கல்கத்தாவில் பழம் வாங்கிய ஒரு தமிழ் அம்மாளுக்கு அந்தப் பெயர்கள்தான் கைக்கு வந்தன. ஆண்டு குறிக்கப்படவில்லை. துர்கா பூஜையின் அஷ்டமி புதன்கிழமையில் வந்த ஆண்டுகளைப் பஞ்சாங்கத்தில் தேடினேன்: 2015, 2018, 2021. கடைசி ஆண்டில் அவர் உயிரோடு இல்லை. 2015-இல் எங்கள் பந்தலில் பூத்தூவி வணங்கும் அஞ்சலிக்கு வந்தவர்கள் நூறைத் தாண்டவில்லை என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. ஆகவே இது 2018, அக்டோபர் 17.

'வராதவங்க 5' என்பதற்கு விளக்கம் தேவை. அவரைச் சொல்ல வேண்டுமானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஜாதவ்பூரில் எங்கள் கட்டடத்துக்கு நான் குடிவந்த வாரம் அவர் ஒரு தட்டில் கொய்யாத் துண்டுகளோடு மாடியேறி வந்தார். நாங்கள் மூன்று பேர். தட்டில் நான்கு துண்டு இருந்தது. நான்கும் அளவெடுத்தது போல ஒரே பருமன்.

"இன்னொண்ணு யாருக்கும்மா?" என்று என் மனைவி கேட்டாள்.

"வராதவங்களுக்கு."

"யாரும் வரலைன்னா?"

"அப்ப நீயே தின்னுடு. தூக்கி மட்டும் போட்றாத."

அரை மணியில் மின்சார மீட்டர் பார்ப்பவர் வந்தார். அவருக்குப் போனது அந்தத் துண்டு.

அவருடைய வீட்டில் எது பங்கிடப்பட்டாலும் ஒரு பங்கு கூடுதலாக விழும். கூரியர்காரர், தபால்காரர், தப்பான மாடிக்கு ஏறி வந்தவர் என்று யாராவது அதைச் சாப்பிட்டுப் போவார்கள். இதில் அவருக்குப் பக்தியோ உருக்கமோ இருந்ததாகத் தெரியவில்லை. மாலைவரை யாரும் வராவிட்டால் தானே எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இன்னைக்கு நான்தான் வராதவ" என்பார்.

பங்கு பழத்தோடு நிற்கவில்லை. எங்கள் இரண்டாம் மாடி அம்மாளின் மருமகள் கோபித்துக்கொண்டு பிறந்தகம் போனபோது, மாடிப்படியில் நான்கைந்து பெண்கள் கூடி அந்தப் பெண்ணைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். இவர் கீழிருந்து ஏறி வந்தார். "அவ இங்க இல்லையே, அவளுக்காக யார் பேசறது? சரி, நான் பேசறேன்" என்று வங்காளத்தில் ஆரம்பித்தார். "அம்மா, நான் ஆபீஸ் விட்டு எட்டு மணிக்கு வரேன். செருப்பைக் கழட்டுறதுக்குள்ள மீன் குழம்புல உப்பு கம்மின்னு சொல்றீங்க. குழம்பு வச்சது நீங்க. நான் என்னத்தச் சொல்ல?" குரலும் அந்தப் பெண்ணுடையது போலவே இருந்தது. மாமியாருக்கு முதலில் முகம் சிவந்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. மருமகள் அடுத்த வாரம் திரும்பி வந்தாள். அதற்கு இது காரணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

தேர்தல் சமயத்தில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கும் இதே உபசாரம்தான். எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் உட்காரவைத்து டீ கொடுத்து, முழுவதையும் கேட்டுவிட்டு, "எதிர்க்கட்சிக்காரன் இதுக்கு என்ன பதில் சொல்வான்? அதையும் நீயே சொல்லிட்டுப் போ. அவன் இங்க இல்ல பாரு" என்பார். ஒரே ஒருவர்தான் உண்மையாகவே சொல்லிப் பார்த்தார் என்று கேள்வி. பாதியில் நிறுத்திவிட்டாராம்.

அவர் பிறந்தது மலேயாவில், பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். போர் முடிந்தபின் தாயோடும் தம்பியோடும் கப்பலில் நாகப்பட்டினம் வந்து சேர்ந்தார். கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தார். பிறகு அதே அலுவலகத்தின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றார். கணவர் போய்ப் பல வருடங்கள். பாராவில், அதாவது எங்கள் தெரு வட்டாரத்தில், எல்லாருக்கும் அவர் மாஷிமா, சித்தி. எனக்கு அத்தை.

தந்தையைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அவர் சயாமுக்குப் போனார், திரும்பவில்லை என்பது மட்டும்தான். ஜப்பானியர்கள் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை லாரி லாரியாகக் கொண்டுபோனதைப் பற்றி நான் படித்திருந்தேன். எந்த ஆண்டு, எந்த மாதம் என்று அவரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"மழைக் காலம்" என்றார்.

"மலேயாவுல வருஷம் பூரா மழைதானே அத்தை?"

"அப்ப வருஷம் பூரான்னு எழுதிக்க."

வேறொரு நாள், நான் கேட்காமலே, "அப்பா போனப்புறமும் எங்கம்மா மரவள்ளிக் கிழங்கை நாலாத்தான் வெட்டுவாங்க. நாங்க மூணு பேரு" என்றார். அவ்வளவுதான். அன்று வெள்ளிக்கிழமை என்று குறித்து வைத்திருக்கிறேன்.

அஷ்டமி காலையில் பூஜைக்குப் பழம் நறுக்குவது பாராப் பெண்களின் பொறுப்பு. குளித்து, பட்டினியாக வந்து, பந்தலின் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்து நறுக்குவார்கள். நம் அரிவாள்மணையைத்தான் வங்காளிகள் போன்ட்டி என்கிறார்கள். இவர் நறுக்கும் துண்டுகளின் ஒழுங்கைப் பார்த்து, எந்தக் காலத்திலோ அந்த வரிசையின் தலைமை இவரிடம் வந்துவிட்டது. தமிழ்ப் பெண்ணிடம் அதைக் கொடுத்ததில் ஆரம்பத்தில் முணுமுணுப்பு இருந்ததாம். நான் வந்தபோது யாருக்கும் அது நினைவில்லை. எண்பத்து மூன்று வயதிலும் குட்டை முக்காலி போட்டு உட்கார்ந்து, ஆளுக்கு இத்தனை, வராதவர்களுக்கு இத்தனை என்று பங்கு பிரித்தார். ஆண்டு முழுவதும் அவர் எதிர்பார்த்திருக்கும் ஒரே காலைப்பொழுது அதுதான். 'இது என் பாரா' என்று சொல்லிக்கொள்ள அவருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

2018-இல் எங்கள் கிளப் பந்தலுக்கு எடுத்துக்கொண்ட கருப்பொருள் ஜப்பான். யோசனை கிளப் செக்ரெட்டரி பாப்லுவுடையது. பாப்லுவின் தாத்தாவுக்கு ஒரு தம்பி உண்டு. சிங்கப்பூரில் வேலை பார்த்தவர், போர்க்காலத்தில் அங்கே திரண்ட இந்தியப் படையில் சேர்ந்து இம்பால்வரை வந்தவர். சீருடையில் அவரும் ஒரு ஜப்பானிய அதிகாரியும் தோளோடு தோளாக நிற்கும் புகைப்படம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாலையோடு தொங்குகிறது. பின்னால் ஒரு கொடி: வெள்ளைத் துணி, நடுவில் சிவப்புச் சூரியன், சுற்றிலும் விளிம்புவரை ஓடும் சிவப்புக் கதிர்கள் பதினாறு.

அந்தக் கொடியின் கதை நீளமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜப்பானிய ராணுவம் அதை எடுத்துக்கொண்டது. கொரியர்களும் சீனர்களும் இன்றும் அதைக் கண்டால் கொதிக்கிறார்கள். ஜப்பானியக் கடற்படை இன்றும் அதைப் பறக்கவிடுகிறது. கல்கத்தாவின்மேலேயே 1942 டிசம்பரிலும் அடுத்த டிசம்பரிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. ஆனால் இந்த ஊர் அதை மறந்துவிட்டு, 'நமக்குத் தோள் கொடுத்தவர்கள்' என்பதை மட்டும் வைத்துக்கொண்டது. இப்போதைய பிள்ளைகளுக்கோ அது கார்ட்டூன்களிலும் பனியன்களிலும் வரும் அழகான ஒரு சூரியன். பாப்லுவுக்கு அது சின்ன தாத்தா. பந்தலை வடிவமைத்த ஓவியருக்கு அது நல்ல டிசைன். சந்துமுனையிலிருந்து பந்தல்வரை இருபத்திரண்டு பிளைவுட் பலகைகளில் அதை வரைந்து இருபுறமும் கட்டிவிட்டார்கள்.

பஞ்சமி, ஞாயிறு மாலை. பழக்கணக்கு எழுதுவதற்காக அத்தையைக் கிளப்புக்கு நான் அழைத்துப் போனேன். சந்து திரும்பியதும் அவர் நின்றார். பிறகு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குமுன் அவர் யார் கையையும் பிடித்து நடந்து நான் பார்த்ததில்லை.

"தம்பி, வீட்டுக்குப் போயிரலாம்."

"என்ன அத்தை, உடம்புக்கு முடியலையா?"

"இந்த வருஷம் வேற யாரையாவது பழம் வெட்டச் சொல்லிரு."

வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:

"தோட்டத்துல ஆபீஸ் வாசல்ல ஜப்பான்காரன் கொடிய நட்டு வச்சிருந்தான். காலையில எல்லாரும் வரிசையா நின்னு அதுக்குக் குனியணும். பிள்ளைங்களும்தான். சரியா குனியலைன்னா அடி. அப்பாவ லாரியில ஏத்துன அன்னைக்கும் முதல்ல குனிய வச்சிட்டுத்தான் ஏத்துனான். லாரி போறப்ப நான் நிமிரல. நிமிரச் சொல்லல இல்ல? சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு."

நான் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.

"அந்தச் சந்துல இருபது கொடிக்குக் கீழ நடந்து போய் உக்காந்து என்னால பழம் வெட்ட முடியாது. ஆனா பாப்லுகிட்ட இதச் சொல்லாத. புள்ளைங்க ஆசையாக் கட்டியிருக்குங்க. முட்டி வலின்னு சொல்லிரு."

முட்டி வலி என்று சொன்னால் அந்த வரிசையில் வேறொருவர் உட்காருவார். எண்பத்து மூன்று வயதில் ஒரு வருடம் விட்ட இடம் மறுவருடம் கிடைக்கப் போவதில்லை. அது அவருக்கும் தெரியும்.

நான் எனக்குத் தெரிந்த வழியில் போனேன். பாப்லுவிடம், கொடி தப்பு என்றேன். ஜப்பான் நாட்டுக் கொடி வெறும் வட்டம்தான், கதிர்கள் உள்ளது போர்க்கொடி, பந்தல் போட்டி நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள் என்றேன்.

"கதிர் இருந்தாத்தானே அழகு, காக்கு! வெறும் வட்டம்னா பொட்டு வச்ச மாதிரி இருக்கும்" என்றான். பாராப் பிள்ளைகளுக்கு நான் காக்கு, சித்தப்பா. "எங்க சின்ன தாதுவோட போட்டோவுலயே இந்தக் கொடிதானே இருக்கு? அது எப்படித் தப்பாகும்?"

உண்மையைச் சொல்லிவிட்டேன்.

பாப்லு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "மாஷிமா வராம அஷ்டமியா?" என்றான். பிறகு ஓவியருக்குப் போன் செய்தான். எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிடலாம் என்றான். நான்தான் தடுத்தேன். கதிர்களை மட்டும் அழித்தால் போதும், கசப்பெல்லாம் அந்தக் கதிர்களில்தான் இருக்கிறது, வெறும் வட்டத்தோடு யாருக்கும் சண்டையில்லை என்று விளக்கினேன். படித்ததையெல்லாம் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான்.

சஷ்டி காலை ஏழு மணிக்கு வேலை தொடங்கியது. இருபத்திரண்டு பலகை, பலகைக்குப் பதினாறு, மொத்தம் முந்நூற்று ஐம்பத்திரண்டு கதிர்கள். ஒரு கை வெள்ளையடித்தால் சிவப்பு இளஞ்சிவப்பாகி எட்டிப் பார்த்தது. "சிவப்பு லேசுல மறையாது, காக்கு" என்று ஓவியர் என்னை முறைத்தார். மூன்று கை அடிக்க வேண்டியிருந்தது. பாப்லுவும் தூரிகை எடுத்தான். நான் ஒவ்வொரு பலகையாகப் போய், மிச்சமிருந்த கதிர்நுனிகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். மதியத்துக்குள் சந்து முழுக்க வெள்ளைப் பலகைகளில் சிவப்பு வட்டங்கள் மட்டும் நின்றன. எனக்கு நிறைவாக இருந்தது.

மாலையில் பாப்லு அத்தை வீட்டுக்கு வந்து காலைத் தொட்டான். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். பாப்லு குற்றவுணர்ச்சியில் ஜப்பானியர்களைத் திட்ட ஆரம்பித்தான். கொலைகாரர்கள், மனிதர்களே இல்லை, அந்தப் போட்டோவையும் கூடத்திலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றான்.

"நிறுத்து" என்றார் அத்தை. அவர் வங்காளத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "அந்தப் போட்டோவுல உன் தாதுவோட தோள்ல கை போட்டு நிக்கிறான்ல, அவன் இங்க வந்து உனக்குப் பதில் சொல்ல முடியுமா? எடுக்காத. உன் தாது எடுத்துக்கிட்ட போட்டோ. அவரும் இங்க இல்ல."

"ஆனா மாஷிமா, உங்க அப்பாவ..."

"எங்கப்பாவுக்காக நான் இருக்கேன். நீ போய் நார்க்கேல் அஞ்சு போதுமான்னு பாரு."

அஷ்டமி காலை அவர் வந்தார். சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை. சந்துமுனையில் நின்று நிமிர்ந்து பார்த்தார். என் கைக்கடிகாரத்தில் மணி ஆறு நாற்பது. அதிக நேரம் பார்க்கவில்லை.

"சரியா இருக்கா அத்தை?" என்றேன்.

"நல்லா இருக்கு. ரொம்ப வேலை செஞ்சிருக்கீங்க."

என் கையைப் பிடிக்காமல் நடந்தார். போன்ட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தார். நூற்று நாற்பது பேருக்கும் வராத ஐவருக்கும் அன்று பங்கு சரியாக இருந்தது. எங்கள் பந்தலுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. "கதிர் இருந்திருந்தா கிடைச்சிருக்கும், காக்கு" என்று பாப்லு இன்றும் சொல்கிறான்.

அந்த டிசம்பரில் பெங்களூரிலிருந்து என் மகள் வந்தாள். அவள் போட்டிருந்த பனியனில் சூரியனும் கதிர்களும், பந்தலில் நாங்கள் அழிக்குமுன் இருந்தபடியே இருந்தன. அத்தை வருவதைப் பார்த்து நான் பதறி அவளை உள்ளே போகச் சொல்வதற்குள் அவர் வந்துவிட்டார். மகளைக் கட்டிக்கொண்டார். பனியனின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "பருத்தியா? துணி நல்லா இருக்கே. இது என்ன, பூவா?" என்றார்.

அன்றுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. பிறகு தேடித் தேடிப் படித்தேன். மலேயாவில் ஜப்பானியர் காலத்தைப் பற்றி எனக்குக் கிடைத்தவற்றில், பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் ஏற்றிக் குனியச் சொன்ன கொடி பெரும்பாலும் கதிர்கள் இல்லாத வெறும் வட்டம்தான். கதிர்கள் போட்டது ராணுவத்தின் கையில் இருந்தது. அப்படியானால் அத்தையின் கண்ணில் முதல் நாள் பட்டது அந்தச் சிவப்பு வட்டம் மட்டுமாக இருக்கலாம். சுற்றியிருந்த கதிர்கள்தான் அதைக் கொஞ்சமாவது வேறாக்கிக் காட்டியிருக்கின்றன. அவற்றை மூன்று கை வெள்ளையடித்து அழித்து, அவர் குனிந்து நின்ற அதே கொடியை இருபத்திரண்டு தடவை தொங்கவிட்டு, சரியா இருக்கா என்று நான் அவரிடமே கேட்டிருக்கிறேன். பஞ்சமியன்று அவர் 'கொடி' என்றுதான் சொன்னார். கதிர் என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை. அது நான் படித்துவைத்திருந்த சொல்.

மறுவருடம், பூஜைக்கு முன் ஒரு நாள், கேட்டுவிட்டேன்.

"அத்தை, தோட்டத்துல இருந்த கொடியில கதிர் இருந்துச்சா, வெறும் வட்டமா?"

அவர் பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எட்டு வயசு. தலையக் குனின்னுட்டான். தரையத்தான் பாத்தேன். மேல என்ன இருந்துச்சுன்னு யாரு பாத்தா?"

"அப்ப அன்னைக்குச் சந்துல..."

"வந்து உக்காந்து வெட்டினேன்ல? பாப்லு கையெல்லாம் பெயிண்ட்டு. நீயும் வெயில்ல நின்ன. விடு தம்பி."

இந்தப் பதிலில் எவ்வளவு உண்மை, எவ்வளவு எனக்காக ஒதுக்கிய பங்கு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அடுத்த ஆண்டு குளிர்காலத்தில் அவர் போய்விட்டார்.

அவருடைய தம்பியும் இன்று இல்லை. தோட்டத்தின் பெயரை வைத்து மலேசியாவில் இருவருக்கு எழுதினேன். ஒருவர், அந்த இடத்தில் இப்போது வீடுகள் என்று பதில் எழுதினார். மற்றவர் பதில் எழுதவில்லை. அலுவலக வாசலில் அன்று பறந்தது கதிர்கள் உள்ள கொடியா, வெறும் வட்டமா என்பதை இதை எழுதும் நாள்வரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.